கண்ணாடி ஆசிட்

காய்ச்சிய மெழுகின் வாசனை எங்கள் சோற்றிலும் துணியிலும் ஏறிக் கிடந்த கோடை அது. திண்டுக்கல்லில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வாடகை வீட்டின் தகரக் கொட்டகையில், பூஜையறைக் கதவுகளுக்காக அப்பா கண்ணாடியில் மயிலும் குத்துவிளக்கும் பொறித்துக் கொடுப்பார். கண்ணாடி முழுக்க மெழுகு பூசி, உருவத்தை மட்டும் கீறியெடுத்து, அதன்மேல் ஆசிட் ஊற்றினால் கீறிய இடம் அரித்து வெளுக்கும். பிறகு கழுவிச் சுரண்டுவது அம்மாவின் வேலை.

கண்ணாடியும் மெழுகும் கடைத்தெருவிலேயே கிடைத்தன. ஆசிட்டுக்கு மட்டும் தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கம் இருந்த ரசாயனக் கடைக்குப் போகவேண்டும். பாட்டிலையே தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் கேனில்தான் தருவார்கள். டவுன் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அப்பா அதைச் சைக்கிளில் கட்டி, ஏறி மிதிக்கப் பயந்து, வெயிலில் தள்ளிக்கொண்டே வருவார். கடைக்காரர் அதைக் "கண்ணாடி ஆசிட்" என்பார். எங்களுக்கும் அதுதான் பெயர். ஆசிட்டை முறிக்க, கொட்டகையில் எப்போதும் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டி நிறைந்திருக்கும். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஓட்டை இல்லையென்று பார்த்த பிறகே அம்மா மாட்டுவாள்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் புதுமனைப் புகுவிழாவுக்குக் கதவு கேட்டு, "ஏனுங்க, இன்னுமா ஆகலைங்க?" என்று வாசலிலேயே நின்ற காலையில், அம்மா கையுறையைப் பார்க்காமல் மாட்டிவிட்டாள். கழுவும்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையை விட்டு எழுந்தாள்.

"ஏங்க, வெரலுக்குள்ள ஊசிய விட்டுத் திருகுறாப்ல இருக்கு."

காயமே இல்லை, ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. அப்பா அவள் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு, ஆட்டோ பிடித்தார். என்னையும் கூட்டிப்போனார்கள்.

"என்ன ஆசிட்?" என்றார் டாக்டர்.

"கண்ணாடி ஆசிட்டுங்க சார்."

"அதோட பேரு என்ன? தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்."

அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே ஓடி, டெலிபோன் பூத்திலிருந்து கடைக்காரரைப் பிடித்தார். "ஹைட்ரோபுளோரிக், ஹைட்ரோபுளோரிக்" என்று, தளும்பும் குடத்தைத் தூக்கி வருபவரைப் போல, வராந்தா முழுக்க அந்தப் பெயரை முணுமுணுத்தபடியே அவர் திரும்பி வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. கேட்ட மாத்திரத்தில் டாக்டர் எழுந்துவிட்டார். விரலிலேயே கால்சியம் ஊசி போட்டார்கள். நகம் போனது, விரல் பிழைத்தது.

"விடுங்க. மயிலு இல்லாட்டி சனம் கதவு தெறக்காதா?" என்றாள் அம்மா, கட்டுப்போட்ட கையோடு. அப்பா மிச்ச ஆசிட்டைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டித் தீர்த்தார். ஆனால் கட்டுப் பிரிப்பதற்குள் மறுபடியும் கேன் வந்தது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அம்மாவும் மறுபடியும் கழுவ உட்கார்ந்தாள். முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். "நாங்க ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா நீதாண்டி சொல்லணும்." அதன்பின் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் வாசலில் செத்த நேரம் நின்று, உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறதா என்று கவனித்த பிறகே செருப்பைக் கழற்றினேன்.

இப்போது கதவுக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அப்பா இல்லை, கொட்டகை இருந்த இடத்தில் யாருடைய மாடி வீடோ நிற்கிறது. போன மாதம் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். அம்மாவின் ஆள்காட்டி விரலுக்குக் கைரேகை இயந்திரம் திரும்பத் திரும்பச் சிவப்பு காட்டியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

"அதுல ரேகை இல்ல அப்பு," என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டு, அம்மா அடுத்த விரலை வைத்தாள்.