அணைந்திருந்த பல்பு

போன மார்கழியில், நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒருவருடைய வயலில் போர்செட் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது வேலை. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் அப்போது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் சொல்லி என்னை மாட்டிவிடுவது அவளுக்கு விளையாட்டு.

“வக்கீல்னா சட்டம் படிச்சிருப்பார். எதிர்வீட்டுக்காரர் வக்கீல் இல்லை. அப்ப அவர் சட்டம் படிச்சவரா, இல்லையாப்பா?”

“படிக்காதவர்தான்.”

“போச்சு, மார்க்கு போச்சு! படிச்சுட்டு மளிகைக்கடை வெச்சிருக்கலாமே? வக்கீல்னு தெரிஞ்சா, படிச்சவர்னு சொல்ல அது போதும். ஆனா படிச்சவங்க எல்லாம் வக்கீலா இருக்கணும்னு அவசியம் இல்லைப்பா.”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று முனகிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணியாகியும் பனி விலகவில்லை. கதிர் வரும் நேரம், தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மோட்டார் சத்தம் நின்றது. பனிக்குள் வரப்பைத் தடவிக்கொண்டு மோட்டார் கொட்டகை வாசலுக்குப் போனேன்.

உள்ளே பல்பு எரியவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. அதை நம்பித்தான் இத்தனை வருஷமும் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்திருக்கிறேன்.

குழாய் கசிந்து தரையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கழன்று அதில் கிடந்தது. எடுத்து மாட்டிவிடலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினேன்.

தண்ணீரில் நாலைந்து தவளைகள் வயிறு தெரிய மிதந்தன. மற்றதெல்லாம் அசையாமல் கிடக்க, ஒன்றின் கால் மட்டும் விட்டு விட்டு இழுத்தது. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாகக் கத்தும் பூச்சி கூடக் கத்தவில்லை. அந்த நேரத்தில்தான் முந்தின ராத்திரி மகள் சொன்ன வக்கீல் கணக்கு நினைவுக்கு வந்தது. பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று சொல்ல அது போதும். ஆனால் கரண்ட் இருந்தால் பல்பு எரிந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

தூக்கிய காலைப் பின்னால் வைத்தேன். வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்து லைன்மேனுக்கு போன் போட்டேன்.

அவர் வந்து, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் நீளக் கம்பு டெஸ்டரை அந்த ஒயர் மேல் நீட்டினார். அதிலிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“கரண்ட் வர்ற மூணு லைன்ல ஒரு ஃபேஸ்தான் போயிருக்குண்ணே. உங்க பல்பு அதுல இருக்கு. மத்த ரெண்டும் உசுரோட இருக்கு. நீங்க மட்டும் காலை வெச்சிருந்தீங்கன்னா…” என்றவர், டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தப் போய்விட்டார்.

மகள் தேர்வெழுதி வந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்பு எரியவில்லை, சத்தம் இல்லை என்பதற்காக அங்கே ஒன்றுமே இல்லை என்று இப்போதெல்லாம் என்னால் நினைக்க முடிவதில்லை.