உறங்கும் எந்திரத்துக்கு ஒரு வாழைக்கன்று

எங்கள் நூற்பாலையின் இரண்டாம் யூனிட்டை நிறுத்தப்போவதாக மேலாளர் சொன்னது ஒரு புரட்டாசித் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்று முன்னால். நான் அங்கே பராமரிப்பு போர்மேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய்வருவேன். நடந்ததை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் இருப்பதால் நேரம் வரை சொல்ல முடிகிறது.

"திரும்ப ஓட்ட ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அந்த சில்லர் தாங்குமா? தாங்காதுன்னா இப்பவே பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

"தாங்கும் சார். ஸ்விட்ச் போட்ட அன்னைக்கே ஓடும்" என்றேன். யோசித்துச் சொன்னதுதான்.

யூனிட்டுக்குள் வெக்கை ஏறாமல், நூல் அறாமல் இருக்கக் குளிர்ந்த நீரைத் தந்துகொண்டிருந்தது அந்த எந்திரம். ஓடும்வரை அதற்குப் பெரிய ஆபத்தில்லை. நிறுத்திவிட்டால், உள்ளே தங்கும் கொஞ்சம் ஈரம் போதும், அரித்துவிடும்.

அந்த வாரம் நானும் சில்லரை ஓட்டும் ஆபரேட்டரும் வேறு வேலை பார்க்கவில்லை. அவர் தேவதானத்துக்காரர், பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குளிரூட்டும் கேஸை அதன் தொட்டியில் சேர்த்து வால்வை மூடினோம். தண்ணீரை வடித்து, குழாய் குழாயாகப் பிரஷ் விட்டு, ஒரு பகல் முழுக்க ப்ளோயர் வைத்து உலர்த்தினோம். மாடியில் கூலிங் டவர் தொட்டியின் சேற்றைச் சுரண்டி எடுத்து, ஃபேன் பெல்ட்டுகளைக் கழற்றி வைத்தோம்.

"பீரங்கியக்கூட நான் இம்புட்டுத் தொடச்சதில்ல போர்மேன்" என்றார்.

கடைசியாக, உலர்த்திய அந்தக் குழாய்களுக்குள் ஒரு சிறிய வால்வு வழியாக நைட்ரஜன் ஏற்றினோம். உள்ளே அது லேசான அழுத்தத்தோடு நின்றால் வெளிக்காற்று நுழையாது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் நின்ற இடத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் சிவப்புக் கோடு போட்டேன். திங்கள்தோறும் முள்ளைப் பார்த்து ஓர் அட்டையில் குறிப்பதும், பம்புகளின் தண்டைக் கையால் கால் சுற்றுத் திருப்பிவிடுவதும் என் பொறுப்பு.

இரண்டு திங்கள் முள் அசையவில்லை. மூன்றாம் திங்கள் பார்த்தபோது பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடந்தது.

ஆபரேட்டரும் நானும் மூட்டு மூட்டாக சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். உள்ளே அழுத்தமே இல்லாதபோது குமிழ் எங்கிருந்து வரும்? நைட்ரஜன் சிலிண்டரைத் திரும்ப இணைக்கப் போனபோதுதான் கவனித்தேன், அந்தச் சிறிய வால்வின் கைப்பிடி அரைவாசி திரும்பியிருந்தது. அதில் சிவப்பு நைலான் கயிற்றின் துண்டு ஒன்று தொங்கியது.

முந்தின வாரம் ஆயுத பூஜை. நின்றுபோன யூனிட்டானாலும் எங்கள் ஆட்கள் பொட்டு வைக்காமல் விடுவதில்லை. துப்புரவு வேலை பார்க்கும் மகாராஜபுரத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வாழக்கன்ன எதுல கெட்டுன தாயி?"

"இதுலதான் அண்ணாச்சி. வாகா இருந்துச்சு. பூசை முடிஞ்சு மறுநா பிடுங்கயில வரவே மாட்டேன்னுச்சு. ரெண்டு இழுப்பு இழுத்தேன்."

"கயிறு யாரு குடுத்தா?"

"நீங்கதான் குடுத்திய. வாசல்ல ஸ்கூட்டருக்குப் பொட்டு வச்சுக்கிட்டே, எறுக்கிக் கெட்டுன்னிய."

ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "பட்டாளமா இருந்தா இதுக்கு ரெண்டு பேருக்கும் முதுகுல மண் மூட்டையோட ஓட்டந்தான்."

கயிறு கொடுத்ததைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. வால்வின் வாய்க்கு ஒரு மூடி போட்டிருந்தால் கைப்பிடி திரும்பியும் நைட்ரஜன் வெளியே போயிருக்காது. அதைப் போடாதவன் நான். இடையில் நான்கு நாள் நல்ல மழை வேறு.

பேசாமல் நைட்ரஜனை ஏற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் நான் கொடுத்த வார்த்தை அதற்குள்ளேயே துருப்பிடிக்கும். மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இரும்புக்காரனக் கூப்பிடவா?"

"மூணு நாள் குடுங்க சார். தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்."

பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். குழாய்கள் சுத்தமாக இருந்தன. அவை வந்து சேரும் இரும்புத் தட்டில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு படலம். விரலால் தேய்த்ததும் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் விரல் போதாது. பிரஷ் போட்டு, உலர்த்தி, மூடி, நைட்ரஜன் ஏற்றி, வால்வு வாயில் பித்தளை மூடியை முறுக்கினேன். கைப்பிடியைக் கழற்றி அட்டையோடு சேர்த்துக் கட்டினேன். "ஓடும் சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் பெண் கன்றும் கையுமாக வந்து நின்றாள்.

"எதுல கெட்டட்டும்? இப்பவே சொல்லிருங்க, பொறவு என்னைய கேக்கக் கூடாது."

ஜன்னல் கம்பியைக் காட்டினேன்.

அதற்கடுத்த தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, யூனிட்டைத் திறந்தார்கள். முந்தின நாள் பார்த்தபோது முள் சிவப்புக் கோட்டின்மேல் நின்றது. கீழே வடிகுழாயைத் திறந்து நைட்ரஜனை வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, பெல்ட்டுகளை மாட்டி, கேஸைத் திறந்துவிட்டோம். வெள்ளி காலை ஒன்பதரைக்கு ஆபரேட்டர் ஸ்விட்சைப் போட்டார். பத்தேகாலுக்கு மேலாளர் வந்து குளிர்நீர்க் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று நனைந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

நான் அட்டையிலிருந்து கைப்பிடியை அவிழ்த்து வால்வில் மாட்டினேன். பித்தளை மூடியைக் கழற்றவில்லை.