வீடு வீடாகத் தேர்வு நடத்திய ரோஸ்லின்

ரோஸ்லின் சவரிமுத்து கடைசியாக நடத்திய வகுப்பின் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு நேற்றுப் பிற்பகல் கூடி இதை உறுதி செய்தது. எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் மொழித்துறைத் தலைவர். முடிவைத் திரும்பப் படிக்கச் சொன்னேன்; சலிக்காமல் படித்தார். ரோஸ்லினை அறிந்த உங்களில் பலர் "இன்னும் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் செய்திக்காகத்தான் காத்திருந்தேன்.

அவர் இறந்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஈப்போவில் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. அழைத்தவர் அவருடைய தங்கை பிலோமினா. "அண்ணே, அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. வலி இல்ல" என்றார். கடைசி மாதங்களில் நோயால் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, எனக்கு முதலில் ஏற்பட்டது நிம்மதி என்று சொன்னால் புரியும். அடுத்து என் வாயில் வந்த கேள்விதான் பிலோமினாவுக்குப் புரியவில்லை. "பிள்ளைகளுக்கு மார்க் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டிருந்தேன். "அண்ணே, இப்ப கேக்குற கேள்வியாண்ணே இது?" என்று அழுகையின் நடுவே அதட்டினார். மார்க் கொடுத்திருந்தார். ஆனால் அதை அவரைத் தவிர வேறு யாரும் சரிபார்த்திருக்கவில்லை. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் ரோஸ்லின். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையும் வீடமைப்புமாக இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் பணி ஓய்வு பெற்றபின், ஈப்போவில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல்லமைப்பையும் வாக்கிய அமைப்பையும் அறிமுகம் செய்யும் பாடத்தை எடுத்தார். அவரிடம் படித்தவர்கள் பின்னாளில் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் கலந்த வகுப்பு.

ஒருமுறை பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதற்காக அந்த வகுப்பின் முதல் நாளில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் அவர் எழுதிய முதல் வாக்கியம் அன்று காலை நாசி லெமாக் சோறு விற்கும் பெண் அவரிடம் சொன்னது: "திஸ் ஒன் யெஸ்டர்டே ஆல்ரெடி ஃபினிஷ்." வகுப்பு சிரித்தது. சிரித்து முடியும்வரை கைகட்டி நின்றார். பிறகு அதே சொற்களை இடம் மாற்றி, "ஃபினிஷ் திஸ் ஆல்ரெடி ஒன் யெஸ்டர்டே" என்று எழுதினார். "இப்படி யாராச்சும் உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை. "ஏன் இல்ல? ரூல் இல்லாத பேச்சுன்னா எப்படி வேணும்னாலும் சொல்லலாம்தானே? அந்த அக்காகிட்டயும் ரூல் இருக்கு. புத்தகத்து ரூலுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கத்தான் நீங்க வந்திருக்கீங்க. சிரிக்க வரல." அந்த வகுப்பில் அதன்பிறகு யாருடைய ஆங்கிலத்தையும் பார்த்து யாரும் சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெயர்ச்சொல் தொகுதி, வினைத் தொகுதி போன்ற கலைச்சொற்களை அவர் பருவத்தின் பிற்பகுதியில்தான் தருவார். "பேரு அப்புறம். எது எதோட சேர்ந்து நகருதுன்னு முதல்ல பாரு" என்பார். மேலதிகாரிகளுக்குத் தலைவலி கொடுத்தது அவருடைய இறுதித் தேர்வு. எழுத்துத் தேர்வை அவர் வைக்கவில்லை. மாணவர் தம் வீட்டில் ஆங்கிலம் அதிகம் படிக்காத ஒருவரை உட்கார வைத்து, ஓர் ஆங்கிலச் சொல்லையோ வாக்கியத்தையோ வீட்டு மொழியில் பிரித்துக் காட்டவேண்டும். பிறகு ரோஸ்லின் புதிதாக ஒன்றைக் கொடுப்பார். கேட்டவருக்கு அதைப் பிரிக்க வந்தால் மாணவர் பாஸ். "பிள்ளைங்களுக்கு நாளைக்கு சொல்லிக் கொடுக்கப் போறவன், பெத்தவங்களுக்கு சொல்லிக் கொடுக்க முடியலன்னா எப்படி?" என்று துறைக் கூட்டத்தில் கேட்டாராம்.

சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவரால் கார் ஓட்ட முடியவில்லை. அதனால் கடைசிப் பருவத்தில் நான்தான் ஓட்டினேன். குனோங் ராபாட்டில் பிரவீன் என்ற மாணவனின் வீடு. அவன் அம்மா சரோஜா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். 'வாஷ்', 'வாஷபிள்', 'அன்வாஷபிள்' என்று மகன் துணி மடிப்பதுபோல் அடுக்கிக் காட்டினான். ரோஸ்லின், "நீங்களா ஒன்னு கட்டுங்கக்கா" என்றார். சரோஜா வாசலைப் பார்த்தார். சந்தின் இரண்டு பக்கமும் கார்கள் அடைத்து நின்றன. "எங்க லோரோங் அன்பார்க்கபிள், மிஸ்." "எதை முதல்ல ஒட்டுனீங்க?" "பார்க்கோட ஏபிள். பார்க் பண்ண முடியும்னு ஒன்னு இருந்தாத்தானே முடியாதுன்னு சொல்ல முடியும்?" ரோஸ்லின் இருமல் வரும்வரை சிரித்தார். திரும்பும்போது காரில், "டிக்‌ஷனரியில இருக்கான்னு தெரியலண்ணே. கட்டுன விதம் சுத்தம்" என்றார்.

லூமுட்டில் ஷாலினியின் வீடு. அவள் அப்பா மாரிமுத்து படகு எஞ்சின் மெக்கானிக். நாங்கள் போனபோது இறால் உரித்துக்கொண்டிருந்தார். 'தி ஓல்ட் போட் எஞ்சின் ஸ்டாப்ட் நியர் தி ஐலண்ட்' என்று மகள் எழுதிக் காட்டி, ஒரே சொல்லாக 'இட்' என்று போட்டால் எதெல்லாம் எழுந்து போகும் என்று விளக்கியிருந்தாள். ரோஸ்லின் வேறொரு வாக்கியத்தைத் தந்து, அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். மாரிமுத்துவும் பேசவில்லை. இறால் தோல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, ஏதோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். ரோஸ்லின் என் கையைப் பிடித்து அழுத்தினார். வெகுநேரம் கழித்து மாரிமுத்து சரியாகச் சொன்னார். காரில் எனக்கு வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. "ரிப்போர்ட்டர் இல்லையா, ஒரு நிமிசம் சத்தம் இல்லன்னா உங்களுக்கு வாய் அரிக்குது. அவரு யோசிக்கிறாருலா. யோசிக்கிறவர் வாயில வார்த்தையத் திணிக்காதீங்கண்ணே."

அந்தச் சுற்று முடிந்ததும் மதிப்பெண்களை அனுப்பிவிட்டு அவர் மருத்துவமனைக்குப் போனார். திரும்பவில்லை.

எழுத்துத் தாள் இல்லாத தேர்வுக்கு இரண்டாவது தேர்வாளர் ஒப்புதல் வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. விதியில் தவறு இல்லை. அந்த ஒப்புதல் கிடைக்குமுன் ரோஸ்லின் இறந்துவிட்டார் என்பதுதான் சங்கடம். மதிப்பெண் செல்லாது என்றால், பாடம் மறுபடி நடக்கும் அடுத்த ஆண்டுவரை மாணவர்கள் காத்திருக்கவேண்டும். அதுவரை பள்ளிகளில் பயிற்சிக்குப் போக முடியாது. நல்லடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஷாலினி என்னிடம் சொன்னாள்: "ஒரு வருசம் வீட்டுல உக்காந்தா நான் திரும்பி வரமாட்டேன் அங்கிள். சூப்பர்மார்க்கெட்ல ஆள் எடுக்கிறாங்கன்னு அத்தை இப்பவே கேட்டு வச்சிருக்காங்க. போனா போனதுதான்."

துறைத் தலைவர் ஒரு வழி கண்டார். பினாங்கிலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர், மேடம் லியோங், வருவார். குலுக்கலில் இரண்டு வீடுகளை எடுத்து, அங்கே கற்றுக்கொண்டவரை நேரில் சோதிப்பார். அவர் தரும் அறிக்கைதான் மொத்த வகுப்புக்கும். குலுக்கலில் வந்தவை குனோங் ராபாட் வீடும் லூமுட் வீடும். வழி தெரிந்தவன் என்று என்னை ஓட்டச் சொன்னார்கள். வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை.

இதற்கிடையில் பெற்றோர்கள் நம் ஆட்கள் செய்வதைச் செய்துவிட்டார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் வாட்ஸ்அப்பில் கூடிப் பேசி, சித்தியவானில் ஒரு டியூஷன் மாஸ்டரைப் பிடித்து, இலக்கணப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. காலையில் குனோங் ராபாட்டில் சரோஜா பட்டுச்சேலையில் நின்று 'பிரிஃபிக்ஸ்', 'சஃபிக்ஸ்' என்று விளக்கங்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மேடம் லியோங் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிரவீன் கார்வரை ஓடிவந்து என்னைப் பார்த்தான். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன்.

லூமுட்டில் மாரிமுத்து முழுக்கைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தார். பேச்சு மலாயில் நடந்தது, தமிழில் தருகிறேன். அவரும் ஒப்பித்தார். மேடம் லியோங் கேட்டார்: "நீங்கள் சொன்ன அந்தத் தொகுதி என்றால் என்ன?"

"அது... டியூஷன் மாஸ்டர் சொன்னாரு, மேடம்."

"அவர் இருக்கட்டும். மிஸ் ரோஸ்லின் உங்களிடம் என்ன கேட்டார்?"

"மிஸ்ஸா?" மாரிமுத்து தலையைச் சொறிந்தார். "எறா என்ன விலைன்னு கேட்டாங்க."

ஷாலினி கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் லியோங் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'தி டயர்ட் மேன் ஃப்ரம் லூமுட் ரிப்பேர்ட் மை அங்கிள்ஸ் போட்.' ஒவ்வொரு சொல்லுக்கும் மலாயில் பொருள் சொன்னார். "இதில் ஓர் இடத்தில் 'ஹி' என்று போட்டால் எதெல்லாம் போகும்?"

மாரிமுத்து தாளைப் பார்த்தார். சட்டைக்கையை முழங்கைவரை மடித்தார். நேரம் போனது. மேடம் லியோங் அவசரப்படுத்தவில்லை.

"'லூமுட்' வரைக்கும் எல்லாம் போகும், மேடம்."

"'மேன்' மட்டும் போகாதா?"

"அத மட்டும் தூக்குனா 'தி டயர்ட்' இந்தப் பக்கம் தொங்கும், 'ஃப்ரம் லூமுட்' அந்தப் பக்கம் தொங்கும். 'ஹி' எங்க வந்து உக்காரும்? இது ஒரே செட்டு. கழட்டுனா மொத்தமாத்தான் கழட்டணும்." விரலை நகர்த்தினார். "இந்தக் கடைசி மூனும் இன்னொரு செட்டு. அதுக்கு 'இட்'டு போடலாம். நீங்க கேக்கல, நானே சொல்றேன்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"எம்மவதான். வேற யாரு?" என்றவர், "பாஸா மேடம்?" என்றார்.

"தேர்வு உங்களுக்கு இல்லை, உங்கள் மகளுக்கு."

"அப்ப எனக்கு எப்ப?"

திரும்பும் வழியில் மேடம் லியோங், மறுபடியும் குனோங் ராபாட்டுக்குப் போகச் சொன்னார். சரோஜா இப்போது வீட்டு உடையில் இருந்தார். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்த மேடம் லியோங், "காலையில் அந்த அம்மாவைத் தவறாக எடைபோட இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் நிபந்தனையை மீறவில்லை. ஆனால் ஈப்போ போய்ச்சேரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

நேற்று முடிவு வந்ததும் ஷாலினியை அழைத்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பின்னால் ஒரே இரைச்சல். "அப்பா படகுத்துறை ஜெட்டி முழுக்க சொல்லிட்டாருங்க அங்கிள், தான் பாஸ் ஆயிட்டதா!" என்றாள். அவளுக்கு சித்தியவான் பள்ளியொன்றில் பயிற்சி, வரும் திங்கட்கிழமை தொடக்கம். பிலோமினாவிடமும் சொன்னேன். "அன்னைக்கு உங்களத் திட்டிட்டேண்ணே. அக்காவும் அதைத்தான் முதல்ல கேட்டிருக்கும்" என்றார்.

ரோஸ்லினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் பழக்கம். பேட்டி எடுப்பதையே தொழிலாகச் செய்த எனக்கு அது அவரிடம்தான் வந்தது. இப்போது ஒருவரிடம் கேள்வி கேட்டால், அவர் முகம் யோசிப்பதை நிறுத்தும்வரை அடுத்ததைக் கேட்பதில்லை. பல நேரம் எனக்குத் தேவையான பதில் அந்த இடைவெளியில்தான் வந்திருக்கிறது.

நிலுவையில் இருப்பது ஒன்று. வீட்டுத் தேர்வை இந்தப் பாடத்தின் நிரந்தர முறையாக்க வேண்டும், இரண்டு தேர்வாளர்களும் சேர்ந்தே போகவேண்டும் என்று மேடம் லியோங் தம் அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறார். துறை ஆதரிக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. புதிய மாணவர்கள் சேருமுன், அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் குழு கூடுகிறது என்று துறைத் தலைவர் சொன்னார். முடிவு அந்த வாரமே தெரியும்.