தௌலாகியின் நோன்பு இருமல்

தௌலாகி எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவள். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரும் விருந்துக்கு உட்கார்ந்தால், அவித்த மொச்சைத் தட்டை மற்றவர் பக்கம் தள்ளிவிட்டு, அடியில் ஒட்டியதை ரொட்டியால் துடைத்துப் போட்டுக்கொள்வாள். பிள்ளையில்லாத விதவை. எகிப்தில் மல்லவிப் பக்கத்து அந்த ஊரில் அவளைப் புகழாத கிறிஸ்தவர் கிடையாது. வாயாரப் புகழ்ந்துவிட்டு மொச்சையை வழித்துத் தின்றார்கள், வேறென்ன!

அந்தப் பெருநோன்புக் காலத்தில்தான் வெங்காய அறுவடையும் வந்தது. பக்கத்து வீட்டு ஃபீபியின் கணவன் பட்டாளத்தில் இருந்தான். அவள் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. இடுப்பிலோ பல் முளைக்கிற பிள்ளை, பீஷோய்.

"அவனை இப்படிக் குடுத்துட்டு நீ கிளம்புடி" என்று தௌலாகி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். நோன்பு விட்டதும் ரொட்டியை நன்றாக மென்று கூழாக்கி முதல் வாய் பிள்ளைக்கு ஊட்டுவாள். அடுத்த வாய்தான் தனக்கு.

நோன்பில் எல்லாரும் மெலிவார்கள், வறட்டு இருமல் இருமுவார்கள். ஆனால் தௌலாகிக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இரவெல்லாம் வேர்த்துப் போர்வை நனைந்தது. கோயிலில் பெண்களோ, "முகத்துல என்ன ஒரு களை பாருங்கடி, நோன்புன்னா இதுல்ல நோன்பு!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். களையாம் களை! கண் அவிந்து போயிருந்தது அவர்களுக்கு.

நாத்தனார் நர்கீஸ் ஒருத்திக்குத்தான் சந்தேகம் தட்டியது.

"அண்ணி, இது நோன்பு இருமல் இல்ல. நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு நடங்க."

"வெங்காயம் முடியட்டும்டி. நான் அங்க போய் வரிசையில நின்னா பிள்ளைய யாரு பாப்பா? ஃபீபி பொழப்பு போயிடும்."

"நீங்க போய்ச் சேந்துட்டா?"

"முதல்ல அவ கஷ்டம் தீரட்டும், அப்புறம் நான்."

"ஆமா, உங்களுக்குன்னு நம்ம பாதிரி அபூனா தனியா ஒரு விளக்கு ஏத்தி வைப்பாரு!"

தௌலாகி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகு நேரம் நிற்கவில்லை. மடியிலிருந்த பீஷோய் அதைப் பார்த்துக் கைகொட்டினான்.

உயிர்ப்புப் பெருவிழா வந்தது. இறைச்சியும் நெய்யும் இறங்க, ஊரார் கன்னம் உப்பியது. இவள் கன்னம் மட்டும் குழிந்தே கிடந்தது. ஒரு காலையில் இருமியபோது முக்காட்டு நுனி சிவந்தது. அன்றுதான் பிள்ளையைத் தாயிடமே விட்டுவிட்டு வண்டி ஏறினாள்.

மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காசநோய், மருந்து உண்டு, தவறாமல் சாப்பிட வேண்டும் என்றார். பிறகு கேட்டார்:

"வீட்டுல சின்னக் குழந்தைங்க யாராவது உண்டா?"

"எனக்கேதுங்க பிள்ளை..." என்று தொடங்கியவள், பீஷோய் நினைவு வந்ததும் எழுந்துவிட்டாள்.

வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாசலிலேயே ஃபீபி பிள்ளையோடு நின்றிருந்தாள்.

"கிட்ட வராதடி!"

"ஏன்க்கா, பேய் கீய் புடிச்சிருக்கா?" ஃபீபி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மத்தியானத்துலேருந்து இவனுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. ஒரே இருமல். உங்க கையில இருந்தாத்தான் அடங்குவான். கொஞ்சம் வாங்கிக்கங்கக்கா."

தௌலாகியைக் கண்டதும் பீஷோய் இரண்டு கையையும் நீட்டி, ஊட்டச் சொல்லி வாயைத் திறந்தான். வாங்கப் போன பாவி மகள் தௌலாகி சட்டென நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது என் இருமல்டி, ஃபீபி. எனக்குக் காசநோய். நான்தான் மென்னு மென்னு ஊட்டினேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு, மூடியிருக்க மாட்டாங்க."

ஃபீபி அவளையே வெறித்தாள். அப்புறம் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மூடிக்கொண்டு பின்வாங்கினாள்.