ஆத்தாளுக்கு முதல் ஊசி

முதலமடை மாந்தோப்புகளில் மாரப்பனின் சைக்கிள் மணி கேட்டால் போதும், பிள்ளைகள் மரத்தில் ஏறிவிடும். சுகாதார நிலையத்தில் அவருக்கு அம்மை குத்துகிற வேலை. பிடித்த கையை லேசில் விடமாட்டார். “எறும்பு கடிச்ச மாதிரித்தானுங்க” என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுவார். எறும்பு கடித்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஊசிதான் தெரியாது.

ஆமாம், ஊரையே குத்திய மனிதர் தான் ஒருமுறைகூடக் குத்திக்கொண்டதில்லை. தன் தோளில் ஊசி என்று நினைத்தாலே அவருக்குக் குப்பென்று வேர்க்கும். வேலையில் சேரும்போது தழும்பைக் காட்டச் சொன்னார்கள். குழந்தையில் மாந்தத்துக்காக அம்மா போட்ட சூட்டுத் தழும்பைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

எழுபத்துநாலில் வடக்கே பெரியம்மை பரவியதும், சுகாதார ஊழியர் அனைவரும் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாரப்பன் முதலில் வயிற்றுவலி என்றார், பிறகு மச்சினன் கல்யாணம் என்றார். மச்சினனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பது நர்ஸ் அன்னமேரிக்குத் தெரியும்.

அந்த வாரம் நாச்சம்மாளின் தோப்பில் முகாம். மாங்காய் பறிக்கிற ஆட்கள் மறுநாள் லாரியேறி ஊர் ஊராகப் போகிறவர்கள். அன்று விட்டால் பிடிக்க முடியாது. அம்மை மாரியாத்தா கொடுப்பது, அதை ஊசியால் தடுத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று ஒருவரும் கையை நீட்டவில்லை.

“ஏனுங்க, மொதல்ல நீங்க எங்க கண்ணு முன்னால குத்திக்கோங்க” என்றாள் நாச்சம்மாள். “ஆத்தா கோவிச்சுக்கிட்டா உங்கள வெச்சே தெரிஞ்சு போயிருமில்லீங்களா?”

அன்னமேரிக்கு ஒரே சந்தோஷம். “சட்டையைக் கழட்டு சாரே, பேடிக்கண்டா, பயப்படவே வேண்டா” என்று ஊசியோடு வந்தாள்.

ஊசிமுனையைப் பார்த்ததும் மாரப்பனுக்குக் கைகால் உதறியது. பல் கிட்டி, கண் சொருகி, “ஊஊ” என்று ஊளையிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தார்.

“சாமி வந்திருச்சு!” என்றாள் நாச்சம்மாள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். ஆட்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். நாச்சம்மாள் கைகூப்பினாள். “தாயே, எங்க புள்ளைகளுக்கு ஊசி குத்தலாமா, வேண்டாமா? நீயே சொல்லு.”

மாரப்பன் குதிப்பதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தோள் தப்பிவிடும். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அரைக்கண்ணில் பார்த்தால், எதிரே இடுப்புக் குழந்தையோடு ஒரு பெண். பெரியம்மையில் கண் போன பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“குத்துங்க!” என்று அலறினார். “ஒருத்தர் விடாமக் குத்துங்க!”

“ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! மொதல்ல ஆத்தாளுக்கே குத்துங்க சிஸ்டர்!” என்று நாச்சம்மாள் அவரை இறுக்கிப் பிடித்தாள். மாங்காய்க் கூடை தூக்கிப் பழகிய கை அது. அசைய முடியுமா? அன்னமேரி படபடவென்று குத்தி முடித்தாள். பொழுது சாய்வதற்குள் தோப்பில் குத்தாத தோள் இல்லை.

சேதி பரவியது. எல்லா ஊர்களும் முகாமுக்குச் சம்மதித்தன, ஒரே நிபந்தனையோடு: ஆத்தா வரவேண்டும், ஆத்தாளுக்குத்தான் முதல் ஊசி. அந்தக் கோடையில் மாரப்பனுக்கு இரண்டு தோளிலும் இடம் போதவில்லை.

“ஆத்தா வர்றதுக்கு உடுக்கை அடிக்கோணுமுங்களா?” என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

“அதெல்லாம் வேண்டா” என்பாள் அன்னமேரி. “ஊசியைக் காட்டினாப் போதும்.”