மாடியில் ஓடும் மெஷின்

அப்பா அடுத்தவன் நிலத்தில் சேறு மிதித்தவர்; மகன் ஜெபசிங்குக்கு வேலை காற்றோடு. செங்கல்பட்டு தாண்டி இருக்கும் அவன் ஊரில், பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டைமாடியில் காற்றைச் சோதிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அதில் வெள்ளைத் தாள் மாட்டி, மறுநாள் கழற்றி, உறையில் போட்டு, மெஷினை வைத்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தாளில் படிந்த தூசியை அங்கே சோதிப்பார்கள். ஊரில் அவனுக்குக் 'காத்து ஆபீசர்' என்று பெயர். கேலிதான், ஆனாலும் அவனுக்குப் பிடிக்கும்.

ஆபீசுக்குப் பின்னால், அவன் வீட்டை ஒட்டியே, மனைவி பொன்னியின் அண்ணன் மோசஸ் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். செம்பு எடுக்க ஒயரை எரிப்பான். தீ பிடிக்க டயர் துண்டு. தாள் கறுத்தால் ஆயிரம் கேள்வி வரும், மச்சான் பிழைப்பிலும் மண் விழும். அதனால் தாள் மாட்டும் காலையில் ஜெபசிங் ஒரு போன் போடுவான்: "மச்சான், இன்னிக்கு மெஷின் ஓடுது. நாளைக்கு வச்சுக்க." ஆறு வருஷமாகத் தாள் லேசாகப் பழுப்பேறியதோடு சரி. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அந்த நல்ல மனுஷன் நினைத்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற கேடுதான் வெளியே தெரிவதில்லை.

பொன்னிக்கு இரண்டு கரு தங்கவில்லை. தைராய்டும் சேர்ந்துகொண்டது. இப்போது மறுபடியும் மூன்று மாதம். செக்கப்புக்கு இருவரும் போனபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வண்டிப் புகை, பிளாஸ்டிக் புகை எல்லாம் ஒண்ணா கலந்து உள்ள போனா ஹார்மோனைக் குழப்பலாம். ஒவ்வொண்ணும் கொஞ்சம்தானேன்னு விடக்கூடாது. வீட்டுப் பக்கம் ஏதாச்சும் எரிக்கிறாங்களா?"

"எங்கண்ணன் ஒயரு எரிக்கும் டாக்டர். அதனால ஒண்ணுமில்ல. இவருதான் மெஷின் வச்சுப் பாக்குறாரே, எல்லாம் சுத்தம்னுதான் வந்துகினு கீது," என்றாள் பொன்னி பெருமையாக.

ஜெபசிங் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே அவன் பைக்கை எடுக்கும்போது, பொன்னியின் பையிலிருந்த அவன் போன் அடித்தது. அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மோசஸ்தான்.

"மச்சான், இன்னிக்கு மெஷின் ஓடுதா? ஒயரு ரெண்டு மூட்ட கீது. ஓடலன்னா கொளுத்திடுறேன்."

பொன்னி புருஷனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

"ஓடுது அண்ணாத்த," என்றாள். "நான் மூச்சு வுட்டுகினு கீற வரிக்கும் தெனமும் ஓடும்."

ஜெபசிங்குக்கு வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை.