மன்னிக்க வேண்டாம் என்று சொன்னவள்

வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்கள். என் அக்கா அதற்கு நேர்மாறு. வீட்டில் அவள் வாய்க்கு முன்னால் மிக்ஸி சத்தம்கூட எடுபடாது. வேலை பார்த்த துணிக் கிடங்கிலோ இருபது வருஷம் தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றதும், ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேர்ந்து நோயாளிகளுக்கு மனத்துணையாக இருக்கப்போவதாகச் சொன்னாள்.

"நீ பேசிப் பேசியே எல்லாரையும் டிஸ்சார்ஜ் பண்ணிடுவ," என்றேன்.

மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அறை வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். ஊசியை மறுக்க முடியாதவர்கள் இவளையாவது மறுக்கலாம். அவரவர் சாமியிடம் அவரவரோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளலாம், அதுவும் கேட்டால் மட்டும். "எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லவே கூடாது. முக்கியமாக, நம் மனபாரத்தை அங்கே இறக்கி வைக்கக் கூடாது.

எட்டு மாதம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வாட்ச்மேன் அங்க படுத்திருக்காருடி."

எனக்கு அந்தக் கதை தெரியும். ஒருநாள் பட்டப்பகலில் கிடங்கு தீப்பிடித்தது. வாட்ச்மேன் தூங்கியதைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். அக்கா அன்று கேட் பக்கமே போகவில்லை. ஆனாலும் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். வாட்ச்மேனுக்கு அந்த வேலையும் போயிற்று, அதன்பின் வேறு யாரும் வேலை கொடுக்கவும் இல்லை.

இப்போது சர்க்கரை வியாதி அவர் கண்ணைப் பறித்துவிட்டு சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. கிடங்கில் வாயே திறக்காத அக்காவின் குரலை அவர் எங்கே அடையாளம் காண்பது? "வாங்கம்மா, உக்காருங்க" என்றிருக்கிறார். அவரே பேச்சையும் ஆரம்பித்திருக்கிறார்.

"நான் தூங்கலம்மா. தண்ணிக் குழாயத் தேடி ஓடினேன். ஒரு பொண்ணு பொய்யா எழுதிக் கொடுத்துட்டா. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே போச்சு. சாகறதுக்குள்ள அவள மன்னிச்சிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. மனசு வரல. மன்னிக்காம போனா பாவமாம்மா?"



"நீ என்னக்கா சொன்ன?" என்று கேட்டேன்.

"மன்னிக்க வேணாம்னேன். தப்பு பண்ணது அவ, நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்கன்னேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நான்தான் அந்தப் பொண்ணுன்னு சொல்லியிருக்கணும். கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட ஒளிஞ்சுக்கிட்டு நல்லவ வேஷமா போடற?"

"சொல்லியிருந்தா நான் அழுவேன். அவர் என்னைத் தேத்தணும். சாகப்போறவருக்கு அந்த வேலையும் நான்தான் குடுக்கணுமா?"

அவர் நன்மைக்காக வாயை மூடினாளா, மறுபடியும் பயந்தாளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். என் அக்காவை எனக்குத் தெரியும்.

தினமும் போனாள். வாசலில் நின்று கேட்பாள், அவரும் வரச் சொல்வார். அவர் தோட்டத்தைப் பற்றி, செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டில் இப்போதெல்லாம் மிக்ஸி சத்தம் நன்றாகவே கேட்டது. எனக்கு அது பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கட்டில் காலியாக இருந்தது. அவர் மகள் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கடைசி வரைக்கும் அந்தப் பொம்பளைய மன்னிக்கலம்மா. ஆனா நீங்க சொன்ன அன்னிலேர்ந்து நல்லாத் தூங்கினாரு. இத்தன வருஷத்துல அவர் அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல."

அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.